"இருவரை விட்டுவிட்டு வாருங்கள்"

அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளின் பந்தாட்டத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பந்தாட்டத்தைப் புகழ்வதற்காக நாம் இதை எழுத வரவில்லை. 1951-ம் வருஷத்தில் ஒரு கல்லூரி அணியிடம் வைக்கப்பட்ட ஒரு நிபந்தனையைப் பற்றியும், அதற்கு அந்தப் பிள்ளைகள் கொடுத்த பதிலைப் பற்றியுமே எழுதுகிறோம்.

ஆட்டம் இன்னதென்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். புட்பால் என்று பெயரே ஒழிய, அதில் காலால் உதைப்பது சொற்பம். முட்டை வடிவமான பந்தைக் கையில் இடுக்கிக் கொண்டு, மேலே வந்து விழும் பதினோரு பேரையும் தப்பி ஓடி, எதிரியின் எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். அந்தக் காலத்தில் பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடிந்தது. பிறகு, நன்றாக ஆடிய அணிகளைப் பொறுக்கியெடுத்து, புது வருஷப் பிறப்பையொட்டி நடக்கும் "பௌல்" என்னும் கிண்ணப் பந்தயங்களுக்கு அழைத்தார்கள். அழைக்கப்படுவது பெரிய கௌரவம். கௌரவத்தோடு கல்லூரிக்குப் பணமும் வரும். யாரை அழைப்பது என்பது அப்போது அந்தந்த ஊர்க் கமிட்டியாரின் இஷ்டமாக இருந்தது. சங்கதி முழுவதும் இந்த "இஷ்டம்" என்ற வார்த்தைக்குள்தான் இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலை, ஏசு சபைப் பாதிரிமார் நடத்துகிற ஒரு சிறிய ஸ்தாபனம். அதன் அணிக்கு ஜோ குஹாரிச் என்பவர் பயிற்சியாளர். அந்த வருஷம் அவ்வணி ஒன்பது ஆட்டங்கள் ஆடியது, ஒன்பதிலும் ஜெயித்தது. ஐடஹோ போயிற்று, சான் ஹோசே இரண்டு முறை போயிற்று, சாந்தா கிளாரா போயிற்று. நியூயார்க்கு வரை சென்று போர்டாம் கல்லூரியை 32-க்கு 26 என்று தோற்கடித்தார்கள். அந்த ஆட்டத்தில் ஆலி மேட்சன் என்ற பிள்ளை, எதிரி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து, ஒரு தடவை 94 கஜமும் இன்னொரு தடவை 90 கஜமும் ஒரே ஓட்டமாக ஓடி எல்லையைத் தாண்டினார். மைதானத்தின் நீளமே கோட்டுக்குக் கோடு 100 கஜந்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பருவத்தில் தேசத்துக் கல்லூரிகள் அனைத்திலும் அதிக தூரம் பந்தைக் கொண்டு ஓடியவர் அவரே. எதிரியைத் தடுத்து வீழ்த்துவதில் அதே அணியின் பர்ல் டோலர் பேர்போனவர். இருவரும் கருப்பர்கள், மற்றவர்கள் வெள்ளையர்கள்.

பருவம் முடியும் தருவாயில், தெற்கே நடக்கும் கிண்ணப் பந்தயக்காரர்களிடமிருந்து சேதி வந்தது. உங்கள் அணியை அழைக்கச் சம்மதம். ஆனால் மேட்சனையும் டோலரையும் ஊரிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் வாருங்கள் என்பது அதன் சாரம். விருந்துக்கு வாருங்கள், ஆனால் உங்களோடு வந்தவர் திண்ணையில் இருக்கட்டும் என்கிற இந்தப் பேச்சை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேட்சன் பிறந்தது டெக்சாஸ். டோலர் பிறந்தது டென்னசியில் மெம்பிஸ் நகரம். இருவருமே தெற்கத்தி மண்ணின் பிள்ளைகள். ஆக, தெற்கே வரக் கூடாதென்று தடுக்கப்பட்டவர்கள் தெற்கில் பிறந்தவர்கள். வரலாமென்று அழைக்கப்பட்டவர்கள் கலிபோர்னியா வெள்ளைக்காரப் பிள்ளைகள்!

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஒருவர் பாக்கியில்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வந்தால் எல்லோரும் வருவோம், இல்லாவிட்டால் ஒருவரும் வரமாட்டோம் என்பதே அவர்கள் முடிவு. பந்தயம் போயிற்று. அதோடு வரவேண்டிய பணமும் போயிற்று. கல்லூரிக்கோ பந்தாட்டத்தால் ஏற்கனவே நஷ்டம். அந்தப் பருவத்தோடு பணமுடையைச் சொல்லி அணியையே கலைத்துவிட்டார்கள். ஒன்பதுக்கு ஒன்பது ஜெயித்த அணி அடுத்த வருஷம் இல்லை.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக, "வெள்ளைப் பிள்ளைகளின் பெருந்தன்மை" என்று எழுதுகிறார்கள். அவர்கள் செய்தது மெச்சத் தக்கதே என்றாலும், இந்தப் பெருந்தன்மை என்ற சொல்லை நாம் ஒப்புவதற்கில்லை. பெருந்தன்மை என்பது மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு இரங்குவதாகும். மேட்சன் ஓடி எடுத்த வெற்றியைத் தின்றுவிட்டு, மேட்சனை வெளியே நிறுத்தி, விருந்துக்குப் போவது யாருக்கு அவமானம்? போகிறவனுக்கல்லவா அவமானம்? அந்தப் பிள்ளைகளில் ஜீனோ மார்கெட்டி என்பவர் சோல்ஜராகப் போய் ஹிட்லர் படையோடு சண்டை செய்து திரும்பியவர். ஜாதி உயர்வு பேசினவனை ஐரோப்பாவில் எதிர்த்துவிட்டு, தன் நாட்டில் அதே பேச்சுக்குத் தலையாட்டினால் அவருடைய யுத்தத்துக்கு என்ன அர்த்தம்? எனவே அவர்கள் அந்த இருவருக்குத் தர்மம் செய்ததாகச் சொல்வது தவறு. தங்கள் மானத்தைத் தாங்கள் காப்பாற்றிக் கொண்டார்கள் என்பதே சரி.

நிற்க. கமிட்டியார் வெளியில் சொல்லிக் கொண்ட காரணம் என்ன தெரியுமா? "இந்த அணி பலமான எதிரிகளோடு ஆடவில்லை" என்பது. பலம் போதாது என்பது உண்மையானால், கூடுதல் பலம் தரும் இரண்டு பேரையும் கழித்துவிட்டு வரச் சொல்வானேன்? பொய் சொல்கிறவர்களுக்குக் கொஞ்சம் கணக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

"அந்தக் காலத்தில் தெற்கே வழக்கம் அப்படி, அவர்கள் என்ன செய்வார்கள்" என்று பரிந்து பேசுகிறவர்களும் உண்டு. வழக்கம் என்பது மழையைப் போல வானத்திலிருந்து விழுவதல்ல. 1948 ஜனவரியிலேயே, டெக்சாஸ் மாகாணத்து டல்லாஸ் நகரில் நடந்த காட்டன் பௌலில் பென்சில்வேனியா அணிக்காகக் கருப்பர் இருவர் ஆடினார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆட்டம் சரிசமமாக முடிந்தது. இது நடந்து நாலு வருஷமாகப் போகும்போது மற்றக் கமிட்டியார் மாத்திரம் வழக்கத்தைக் காட்டினால், அது வழக்கமா, மனமில்லாமையா? 1955 கடைசியில், கருப்பர் ஒருவர் உள்ள பிட்ஸ்பர்க் அணியோடு ஜார்ஜியா டெக் அணி ஆடக் கூடாதென்று ஜார்ஜியா கவர்னர் மார்வின் கிரிபின் தடுக்கப் பார்த்தார். அதே ஜார்ஜியா டெக்கின் வெள்ளை மாணவர்களே வீதிக்கு வந்து கவர்னருக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். ஆட்டம் நடந்தது, பாபி கிரியர் என்ற அந்தக் கருப்பரும் ஆடினார்.

இனி, விட்டுவிட்டு வரச் சொன்ன அந்த இருவரின் பிற்காலம். மேட்சன் 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் சென்று ஓட்டத்தில் இரண்டு பதக்கங்கள் பெற்றார். பிறகு தொழில்முறை ஆட்டத்தில் அவருக்கு எவ்வளவு கிராக்கி என்றால், 1959-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அணி ஒன்பது பேரைக் கொடுத்து அவர் ஒருவரை வாங்கிற்று. அந்த வியாபாரத்தை முடித்த பீட் ரோசெல், 1951-ல் இதே கல்லூரி அணிக்கு விளம்பர வேலை பார்த்தவர். டோலரோ 1952-லேயே ஒரு ஆட்டத்தில் முழங்கால் கெட்டு ஆட முடியாமற்போனார். சோர்ந்துவிடவில்லை, உபாத்தியாயரானார், சான் பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமை ஆசிரியரானார். 1965-ல் தேசியப் புட்பால் லீக்கின் முதல் கருப்பு நடுவராக மைதானத்தில் இறங்கினார். முன்பு அவர் ஆடவே கூடாதென்றார்கள். பின்பு அவர் ஊதிய விசிலுக்கு வெள்ளையரும் நின்றார்கள்.

கல்லூரியும் வெகு காலம் கழித்து விழித்துக் கொண்டது. 2006-ல் அந்த அணியில் உயிரோடிருந்தவர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஐம்பத்தைந்து வருஷம் பொறுத்து! இதிலும் விசேஷம், அதே கல்லூரி விடுதி ஒன்றுக்கு வெகுநாள் ஜேம்ஸ் பீலன் என்பவர் பெயர் இருந்தது. அவர் சான் பிரான்சிஸ்கோ மேயராகவும் செனட்டராகவும் இருந்தவர். கலிபோர்னியா வெள்ளையருடையதாகவே இருக்க வேண்டுமென்று 1920-ல் ஓட்டுக் கேட்டவர். மாணவர்கள் கிளம்பி ஆட்சேபித்த பிறகு, 2017-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 2009-ல் காலமாகிவிட்ட பர்ல் டோலரின் பெயரை அந்த விடுதிக்கு வைத்தார்கள்.