துப்பாக்கி யார் கையில்?

தேர்தல் வந்தால் அதிகாரிகள் உத்தரவு போடுகிறார்கள்: லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். ஓட்டுப் போடும் நாளில் ஏழையை மிரட்டக்கூடிய துப்பாக்கி, கூலி உயர்வு கேட்கும் நாளில் மட்டும் சாதுவாகிவிடுமா?

தனியார் துப்பாக்கிக்காக வாதாடுகிறவர்கள் சரித்திரத்தைக் காட்டுகிறார்கள். அதில் உண்மை உண்டு. 1799ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கம்பெனி, திருநெல்வேலிச் சீமைப் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்தது, ஆயுதங்களைப் பறித்தது. 1878ல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதையும் நிராயுதபாணியாக்கியது. எனவேதான் 1931ல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கோரியது.

சுதந்திர இந்தியாவின் 1959ம் வருட ஆயுதச் சட்டம், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது. ஏட்டில் எல்லோரும் சமம்! ஆனால் அம்பாசமுத்திரம் வயலில் நாற்று நடும் சகோதரி, கூலிப் பணத்தில் அரிசி வாங்குவாரா, துப்பாக்கி வாங்குவாரா?

பணக்காரன் கைத் துப்பாக்கி யாரை நோக்கித் திரும்பும் என்பதற்கு வெண்மணி சாட்சி. 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்கள்மீது நிலச்சுவான்தார்களின் கூட்டம் துப்பாக்கியால் சுட்டது. ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு குடிசைக்குள் ஒண்டினார்கள். அதற்குத் தீ வைத்தார்கள். 44 பேர் கருகி மாண்டார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த நிலச்சுவான்தார்களை ஹைகோர்ட் விடுதலை செய்தது.

"காட்டுப்பன்றி வாழையைத் தோண்டிப் போடுகிறதே, என்ன செய்வது?" என்று மலையடிவார விவசாயி கேட்கிறார். நியாயமான கேள்வி. பயிர்ப் பாதுகாப்புக்கென்றே நாட்டுத் துப்பாக்கிக்குச் சட்டத்தில் இடமும் உண்டு. ஆனால் இருட்டில் பன்றி என்று நினைத்துச் சுட்டால், விழுவது தண்ணீர் பாய்ச்சப் போன கூலியாளாக இருக்கலாம். பயிரைக் காப்பது சர்க்காரின் பொறுப்பு. வேலி போடட்டும், அழிந்த பயிருக்கு நஷ்டஈட்டை உடனே கொடுக்கட்டும்.

துப்பாக்கி பெருகினால் பாதுகாப்பு பெருகும் என்பதும் பொய். துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில், 2022 மே மாதம் யுவால்டி நகரப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை 2019ம் வருடத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. இது போதாது. ஒவ்வொரு லைசென்ஸும் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று திரும்ப விசாரிக்க வேண்டும். கூலித் தகராறோ சாதித் தகராறோ உள்ள கிராமங்களில், தேர்தலுக்குக் காத்திராமல் துப்பாக்கிகளை வாங்கி வைக்க வேண்டும்.

நம் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. கள்ளத் துப்பாக்கியும் நாட்டு வெடிகுண்டும் வீரம் அல்ல. கதிர் அறுக்கும் அரிவாளைச் சாதிச் சண்டையில் ஓங்குகிறவன் வெட்டுவது இன்னொரு தொழிலாளியைத்தான். அதைக் கண்டு மகிழ்கிறவன் முதலாளி.

1908ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. ஆலைக்குள் போகாமல் ஒன்றாக நின்றார்கள். உழைப்பாளியின் பாதுகாப்பு அந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. அதற்கு லைசென்ஸ் கொடுக்கவோ பறிக்கவோ எந்தக் கலெக்டராலும் முடியாது.