கழிவு மேட்டுக்கும் உரியவர் உண்டு

விடுமுறையில் பிள்ளைகளோடு ஓபல் கல் தேடச் செல்வது ஆஸ்திரேலியாவில் பலரும் விரும்பும் பொழுதுபோக்கு. அடிலெய்டுக்கு வடக்கே ஏறத்தாழ 850 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூபர் பீடி இதற்குப் பெயர்பெற்ற ஊர். 1915ஆம் ஆண்டு, தங்கம் தேடி வந்த குழுவினருடன் இருந்த வில்லி ஹட்சிசன் என்னும் 14 வயதுச் சிறுவன் கண்டெடுத்த ஓபலே அவ்வூர் தோன்றக் காரணமாயிற்று. சுரங்கத்திலிருந்து அகழ்ந்து கொட்டிய மண்மேடுகளைக் கிளறி, தப்பிய கற்களைத் தேடுவதை அங்கே 'நூட்லிங்' என்பர்.

இதனை நாம் குறைகூறவில்லை. கைப்பேசியை வைத்துவிட்டுப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருசேர மண்ணில் அமரும் நேரம் அரிது. கிடைப்பதில் பெரும்பகுதி 'பாட்ச்' எனப்படும் வண்ணம் காட்டாத கல்லே. அதுவும் ஓபலும் சிலிகாவே. நுண்ணிய உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பெற்றால் மட்டுமே வண்ணம் ஒளிரும். இறைவனின் படைப்பை வியக்க இதுவும் ஒரு வாயில்.

நம் கவலை வேறு. உரிமம் பெற்ற நிலத்திலுள்ள மேடுகளில் தேட, உரியவரின் அனுமதி வேண்டும். "வேண்டாமென்று கொட்டிய மண்தானே?" எனச் சிலர் கேட்கலாம். அவர் கொட்டியது மண்ணை. அதனுள் தாம் காணாத கல்லை அன்று. கண்டிருந்தால் விட்டிருப்பாரா? அதே மண்ணை இயந்திரத்திலிட்டு, புறஊதா ஒளியில் மீண்டும் தேடுவோரும் அங்குண்டு. ஆகவே அம்மேடு குப்பையன்று.

பிறர் பொருளை அவர் மனமொப்பித் தந்தாலன்றித் தொடலாகாது என்று வீட்டில் கற்பிக்கிறோம். யாருமில்லாப் பாலைவெளியில் "ஒரு சிறு கல்தானே" என்று நாமே பைக்குள் போட்டால், பிள்ளை எதைக் கற்கும்? நாம் சொன்னதையா, செய்ததையா?

வழி கடினமன்று. பொதுமக்கள் தேடுவதற்கென்றே ஊருக்குள் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, அங்கே தேடலாம். பிற இடமெனில், உரியவரைக் கேட்கலாம். மறுத்தால் ஸலாம் கூறித் திரும்பலாம். மூடப்படாத ஆழ்குழிகள் எங்குமிருப்பதால் பிள்ளைகளின் கையை விடலாகாது. ஓடாதீர், பின்னோக்கி நடவாதீர் என்று அறிவிப்புப் பலகைகளே எச்சரிக்கின்றன.

மாலையில் வெறுங்கையோடு திரும்ப நேரிடலாம். கேட்டு எடுக்கும் பழக்கம் ஒன்றைப் பிள்ளை கொண்டு வந்தால், அப்பயணம் வீண்போகவில்லை, இன்ஷா அல்லாஹ்.