வாகனமும் நாமும்: தானாகப் பூட்டிக்கொள்ளும் டிபரென்சியல்



பனிகாலம் தொடங்குவதற்கு முன்னர் பழைய பிக்கப் ட்ரக் ஒன்றை வாங்கி, தொழிற்சாலை வேலை முடிந்த நேரத்தில் பனி தள்ளி நாலு காசு தேடலாம் என்று எண்ணுகின்ற எம்மவர் பலர். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ட்ரக்கை முன்னர் வைத்திருந்தவர் காட்டுப் பாதையிலும் சேற்றிலும் ஓடித் திரிந்தவராக இருந்தால், அதன் பின் அச்சுக்குள்ளே 'லொக்கர்' என்ற ஒரு சாமான் இருக்கக்கூடும். சிலர் அதை விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் விற்றுவிடுவார்கள். கனடாவுக்குப் புதிதாக வந்து, முதன்முதலாகப் பனியில் வாகனம் ஓடப்போகும் குடும்பங்கள் இதைப்பற்றி அறிந்திருப்பது அவசியம். எனவே இம்முறை அதைப் பார்ப்போம்.

நாங்கள் எஞ்சினியர்மார் அல்லர். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு, நாட்டையும் விட்டு வந்து, இரவு வேலையில் இயந்திரங்களோடு நின்று பழகியவர்கள். கையால் தொட்டுத் தெரிந்துகொண்டதை விளங்கும் தமிழில் சொல்கின்றோம்.

டிபரென்சியல் எதற்கு?

ஒரு பிக்கப் தெரு மூலையில் 90 பாகை திரும்பும்போது, வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லைவிடக் கூடத் தூரம் ஓடவேண்டும். இரண்டு சில்லுக்கும் இடையே 1.7 மீற்றர் இருந்தால் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 2.7 மீற்றர். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒரு ரயர் தேய்ந்துகொண்டுதான் திரும்பும். இதைத் தீர்க்க வந்ததே டிபரென்சியல். பிரான்ஸ் நாட்டவரான பெக்கர் என்பவர் 1828இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி வண்டிக்காகச் செய்யப்பட்ட அந்த யோசனைதான் இன்றும் எமது வாகனங்களின் அச்சுக்குள் இருக்கின்றது.

சாதாரண டிபரென்சியலில் ஒரு குறையும் உண்டு. அது தராசு போன்றது. இரண்டு சில்லுக்கும் எப்போதும் ஒரே அளவு இழுவைதான் கொடுக்கும். ஒரு சில்லு ஐஸில் நின்று வழுக்கினால், அந்தச் சில்லுக்கு எவ்வளவு சிறிய இழுவை போகின்றதோ, நல்ல நிலத்தில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் அவ்வளவுதான் போகும். ஒன்று சும்மா சுற்ற, மற்றது அசையாமல் நிற்கும். வாகனமும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

வன்னி வயல்களில் மாசி பேர்குசன் உழவு இயந்திரம் ஓடியவர்களுக்கு இது புதிய விடயம் அல்ல. ஒரு சில்லு சேற்றில் புதைந்து சுற்றும்போது காலடியில் உள்ள சிறிய பெடலை மிதிப்பார்கள். இரண்டு சில்லும் ஒன்றாகப் பூட்டுப்படும், இயந்திரம் வெளியே ஏறிவிடும். ஏறியதும் காலை எடுத்துவிடுவார்கள். அந்த 'எடுத்துவிடுவது'தான் முக்கியம். தானாகப் பூட்டிக்கொள்ளும் லொக்கருக்கு அந்தப் பெடல் இல்லை. எப்போது பூட்டுவது, எப்போது விடுவது என்பதை அதுவே தீர்மானிக்கின்றது.

இரண்டு வகை

முதலாவது, கம்பனியே பொருத்தி அனுப்புவது. செவ்ரலே, ஜிஎம்சி பிக்கப்புகளில் 1973 முதல் ஈற்றன் நிறுவனத்தின் லொக்கர் கிடைத்து வந்திருக்கின்றது. இதற்கான குறியீடு 'ஜி80'. பழைய ட்ரக்குகளில் முன் ஆசனத்து கிளவ் பொக்ஸுக்குள் ஒட்டியிருக்கும் தாளில் இதைக் காணலாம். இடது, வலது சில்லுகளின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வித்தியாசப்பட்டால் உள்ளே ஒரு சிறு கவர்னர் விரிந்து பூட்டிவிடும். மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீற்றருக்கு மேலே புதிதாகப் பூட்டாது. ஆகவே சாதாரண ஓட்டத்தில் அது இருப்பதே தெரியாது.

இரண்டாவது, வாங்கிப் பொருத்துவது. இதில் மலிவானதை இங்குள்ளவர்கள் 'லஞ்ச் பொக்ஸ் லொக்கர்' என்பார்கள். சாப்பாட்டுப் பெட்டி அளவான ஒரு பெட்டிக்குள் எல்லாத் துண்டுகளும் அடங்கிவிடும் என்பதால் அந்தப் பெயர். டிபரென்சியலின் நடுவிலுள்ள சிறு பல்லுச் சக்கரங்களை எடுத்துவிட்டு, பல்லு வைத்த நான்கு வட்டத் துண்டுகளை அவ்விடத்தில் வைப்பார்கள். எஞ்சின் தள்ளும்போது நடுத்தண்டு இந்தப் பல்லுகளை வெளியே நெருக்கிப் பூட்டிவிடும். வளைவில் வெளிச்சில்லு வேகமாக ஓட முயன்றால், அந்தப் பக்கத்துப் பல்லுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி வழிவிடும். அப்போது கேட்பதுதான் 'டக் டக்' என்ற சத்தம். இது நூறு கிலோமீற்றர் வேகத்திலும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஜி80க்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

பொருத்தும்போது

லஞ்ச் பொக்ஸ் லொக்கரில் கிறவுன் வீல், பினியன் இரண்டையும் அசைக்கத் தேவையில்லை. அதனால் கைப்பழக்கம் உள்ள ஒருவர் ஒரு நாளில் பொருத்திவிடலாம். டிற்றோயிற் லொக்கர் போன்ற முழுமையான வகையைப் பொருத்துவதென்றால் பெட்டியையே மாற்றி, பல்லு இடைவெளியை அளந்து சரிசெய்ய வேண்டும். அது பழகிய மெக்கானிக்கின் வேலை. நாம் கை வைக்கக்கூடாது.

கவனிக்க வேண்டியவை இவை:

1. அச்சின் வகையும் அச்சுத்தண்டு நுனியிலுள்ள பல்லுகளின் எண்ணிக்கையும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். உதாரணமாக, போர்ட்டின் 8.8 அங்குல அச்சில் 28 பல்லும் உண்டு, 31 பல்லும் உண்டு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் சேராது.

2. ட்ரக்கின் பின்பக்கம் முழுவதையும் உயர்த்தி, இரும்புத் தாங்கிகளில் நிறுத்தியே வேலை தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகக்கூடாது.

3. துண்டுகளை வைத்த பின்னர் நடுவிலுள்ள இடைவெளியை மெல்லிய தகட்டு அளவியால் அளக்க வேண்டும். அது லொக்கரோடு வந்த தாளில் சொன்ன எல்லைக்குள் இல்லாவிட்டால், அப்படியே மூடிவிடக்கூடாது. பழைய பெட்டி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

4. நடுத்தண்டைப் பிடிக்கும் சிறிய போல்ற்றைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்க வேண்டும். அது கழன்றால் உள்ளே எல்லாம் நொருங்கிவிடும்.

5. முடிந்ததும், எஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, ஒருவர் ஒரு சில்லை முன்பக்கமாகத் திருப்பிப் பிடிக்க, மற்றவர் எதிர்ச்சில்லைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். 'டக் டக்' என்று சுற்ற வேண்டும். பிறகு பக்கம் மாறிச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. லொக்கர் உள்ள ட்ரக்கில் ஒரு சில்லை மட்டும் ஜாக்கியில் உயர்த்திக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போடவே கூடாது. நிலத்தில் நிற்கும் சில்லு இழுத்து, வாகனம் ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் நிற்பார்கள் என்பதை மறவாதீர்கள்.

ஓடும்போது

சேற்றிலும் மணலிலும் லொக்கர் ஒரு நல்ல தோழன். கியரைக் குறைத்து, அக்சிலேற்றரை ஒரே சீராகப் பிடித்து, மெதுவாகப் போனால் போதும். அது வேலையைச் செய்யும். ஆத்திரப்பட்டு மிதித்தால், இறுகிப்போன ஒரு சில்லுக்கே முழுப் பலமும் போய் அச்சுத்தண்டு முறியக்கூடும். மேட்டில் நேராக ஏற வேண்டும். சரிவில் குறுக்காகப் போகும்போது இரண்டு சில்லும் ஒன்றாகச் சுற்றினால் வாகனம் பக்கவாட்டில் கீழே வழுக்கும்.

தார் ரோட்டில், வளைவில் அக்சிலேற்றரை மிதித்திருக்கும்போது உட்சில்லு மட்டும் இழுக்கும். காலை எடுத்தவுடன் பாரம் மறுபக்கம் மாறும். அப்போது ட்ரக் ஒரு சிறு உதறல் உதறும். பழகாதவர் திடுக்கிட்டு ஸ்ரியரிங்கை வெட்டிவிடுவார். ஆபத்து உதறலில் அல்ல, அந்த வெட்டிலேதான்.

ஐஸில்தான் கதை மாறுகின்றது. சாதாரண டிபரென்சியலில் ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றது சும்மா உருண்டு, பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். லொக்கரில் இரண்டும் சேர்ந்து வழுக்கும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இராது. ரோட்டின் சரிவுப்பக்கமாக வால் இழுபடும். அந்த நேரத்தில் அக்சிலேற்றரை மெதுவாகத் தளர்த்த வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. முன் அச்சிலும் லொக்கர் இருந்தால், போர் வீல் டிரைவில் ஐஸில் திரும்புவது மிகக் கடினம்.

ரயர்களும் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே தேய்வு, ஒரே காற்று இருக்க வேண்டும். சிறிய அவசரச் சில்லை லொக்கர் உள்ள அச்சில் போட்டு ஓடாதீர்கள்.

வாங்கும்போது

ஒன்ராறியோவில் தனிப்பட்ட முறையில் விற்பவர் பழைய வாகனத்தின் விபரப் பொதியைத் தரவேண்டும். 36 நாட்கள் செல்லுபடியாகும் பாதுகாப்புச் சான்றிதழும் உண்டு. ஆனால் அந்தக் கடதாசிகளை நம்பி லொக்கர் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. நாமே பார்க்க வேண்டும். பின்பக்கத்தைத் தாங்கியில் உயர்த்தி, எஞ்சினை நிறுத்திப் 'பார்க்'கில் விட்டு, ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கமாக இலகுவாகச் சுற்றினால் சாதாரண டிபரென்சியல். சுற்றாமல் இறுகி நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஜி80 மட்டும் இந்தச் சோதனையில் சாதாரணமானது போலவே நடிக்கும். அதற்குத் தாளைத்தான் பார்க்க வேண்டும். வெறும் கார்த் தரிப்பிடம் ஒன்றில் மெதுவாக வட்டமடித்து, கண்ணாடியை இறக்கிக் காதையும் கொடுங்கள்.

2011 செப்டெம்பர் 1க்குப் பின்னர் கனடாவுக்காகச் செய்யப்பட்ட இலகு வாகனங்களில், வாகனம் வழுக்காமல் கட்டுப்படுத்தும் மின்னணு முறை கட்டாயம். இவற்றுள் பல வாகனங்கள் சுற்றும் சில்லைத் தாமே பிரேக் பிடித்து, மற்றதற்குப் பலத்தை அனுப்பும். அப்படியான ட்ரக்கில் லஞ்ச் பொக்ஸ் லொக்கர் வைப்பது அந்த முறையையே குழப்பக்கூடும். பூட்டு வேண்டுமென்றால் சுவிச் உள்ளதாகப் பாருங்கள். 2003 முதல் ஜீப் ரூபிக்கன்களில் இரண்டு அச்சிலும் அப்படி வருகின்றது. மாசி பேர்குசன் பெடல் போல, வேண்டும்போது போடலாம், வேண்டாதபோது எடுக்கலாம்.

எங்கள் அபிப்பிராயம் இதுதான். பனி தள்ளவும் காட்டு வேலைக்கும் என்று தனியாக ஒரு ட்ரக், அதை ஓடுபவர் ஒருவர் என்றால் லொக்கர் இருக்கட்டும். ஆனால் எம்மில் பலருடைய வீட்டில் வாகனம் ஒன்றே ஒன்று. பகலில் அண்ணர் ஓடுவார், இரவு வேலைக்கு அண்ணி ஓடுவார், லைசன்ஸ் எடுத்த கையோடு மகனும் ஓடுவான். அந்த ஒரே வாகனத்துக்கு லொக்கர் வேண்டாம். அந்தக் காசுக்கு நாலு நல்ல பனிக்கால ரயர் வாங்குங்கள். கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அவை சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 ஜனவரி முதல் காப்புறுதிக் கம்பனிகள் அதற்குக் கழிவு தரவேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே லொக்கர் உள்ள ட்ரக் வீட்டில் நின்றால், திறப்பைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லிவையுங்கள். முதல் பனி விழுந்ததும் வெறும் தரிப்பிடம் ஒன்றில், இருபது கிலோமீற்றர் வேகத்தில், ஒவ்வொருவரையும் ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவியுங்கள்.

அடுத்த இதழில் பனிகாலத்து பற்றரியைப் பற்றிப் பேசுவோம். கவனமாக ஓடுங்கள்.