சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கட்டும்

"என் காசு, என் ரிஸ்க். நடுவில் செபிக்கு என்ன வேலை?" எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, ஆப்ஷன் வர்த்தகத்துக்குப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு வாரியமான செபி கடிவாளம் போடும் பேச்சு வந்தாலே எழும் கேள்வி இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலும் இதைக் கேட்பவர்கள் பெரும்புள்ளிகள் அல்லர். நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூங்க வேண்டிய நேரத்தில், 9.15-க்குச் சந்தை திறக்கும்போது செல்போனும் கையுமாக உட்காரும் இளைஞர்கள்.

அவர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பிஎம்எஸ் எனும் முதலீட்டு நிர்வாகச் சேவைக்குக் குறைந்தது 50 லட்சம் ரூபாய், மாற்று முதலீட்டு நிதிகளுக்கு ஒரு கோடி, 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிறப்பு முதலீட்டு நிதிகளுக்கு 10 லட்சம் என்று செபி போடும் வேலிகள் எல்லாம் பணத்தால் ஆனவை. மடியில் கனம் உள்ளவனுக்கு மூளையும் இருக்கும் என்ற நினைப்பு இதில் ஒளிந்திருக்கிறது. ஆபத்து வேலிக்குள் மட்டும் இருப்பதும் இல்லை; வேலியே இல்லாத சாதாரணக் கடன் பத்திரத் திட்டங்கள் ஆறை ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் 2020 ஏப்ரலில் இழுத்து மூடியபோது சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியதையும் பார்த்தோம்.

ஆனாலும், எஃப் அண்ட் ஓ விஷயத்தில் இந்த எதிர்ப்பை நாம் ஏற்கவில்லை. எதிரே உட்கார்ந்து ஆடுவது யார் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இந்தச் சந்தையில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது செபியின் ஆய்வு. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-இல் மட்டும் பங்குத்தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்கு வர்த்தகர்கள் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். அந்த லாபத்தில் ஏறக்குறைய முழுவதும் கம்ப்யூட்டர் அல்காரிதம் வழியே வந்தது. தூக்கக் கண்ணோடு கட்டைவிரலால் ஆர்டர் போடுபவர் மோதுவது அந்த இயந்திரங்களோடு. அமெரிக்க வர்த்தக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் பங்குச்சந்தைக் குறியீடுகளைத் திரித்து லாபம் பார்த்ததாகச் சொல்லி 4,843 கோடி ரூபாயை முடக்க 2025 ஜூலையில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. நிறுவனம் அதை மறுக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, ஆட்டம் சமதரையில் நடக்கிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆகவே 2024 அக்டோபர் 1 அன்று செபி பிறப்பித்த சுற்றறிக்கை தேவையானதுதான். அதற்கு முன் வாரத்தின் ஐந்து வேலைநாளும் ஏதோ ஒரு குறியீட்டுக்கு எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் முடியும் நாள். மதியத்துக்குமேல் பத்து ரூபாய்க்குக் கிடக்கும் ஆப்ஷனை வாங்கி, அது நூறாகும் என்று காத்திருக்கும் 'ஜீரோ டு ஹீரோ' ஆட்டம் தினசரி லாட்டரியாகவே நடந்தது. 2003-இல் லாட்டரியை ஒழித்த மாநிலம் இது. ஒரு பங்குச்சந்தைக்கு ஒரே ஒரு வாராந்திர எக்ஸ்பைரி என்று குறைத்ததில் தவறு காண ஒன்றுமில்லை.

தவறு அதே சுற்றறிக்கையின் இன்னொரு விதியில் இருக்கிறது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக்கினார்கள். அதனால் நிஃப்டி குறியீட்டின் லாட், அதாவது ஓர் ஒப்பந்தத்தின் அளவு, 25-லிருந்து 75 ஆனது. பத்து ரூபாய் ஆப்ஷனில் 250 ரூபாய் வைத்தவர் 750 வைக்க வேண்டியதாயிற்று. விலகியவர்கள் தப்பித்தார்கள்; விலக மனமில்லாதவர்களின் பந்தயம் மூன்று மடங்கானது. 2024-25 நிதியாண்டின் நடுவில்தான் விதிகள் வந்தன என்பதை மறக்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டில் தனிநபர் நஷ்டம் 74,812 கோடியிலிருந்து 1,05,603 கோடிக்கு ஏறியது. காசால் கட்டிய வேலி தடுத்தது கொஞ்சம்தான்.

வேறு வேலிக்கான சாமான் ஏற்கெனவே தரகு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. எஃப் அண்ட் ஓ கணக்கைத் திறக்க ஆறு மாத வங்கிக் கணக்கு விவரமோ, சம்பளச் சீட்டோ, வருமானவரிப் படிவமோ கேட்கிறார்கள். வருமானம் எவ்வளவு என்ற கேள்விக்கும் பட்டியலில் ஒன்றைத் தொட வேண்டும். பிறகு அந்தக் காகிதத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? 2023-24-இல் வர்த்தகம் செய்தவர்களில் நான்கில் மூவர் தங்கள் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் கீழே என்று தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள். தெரிந்தேதான் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே நுழையும்போது "பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம்" என்ற எச்சரிக்கை திரையில் வரும். அதைத் தள்ளிவிட ஒரு விரல் போதும்.

தரகு நிறுவனங்கள் கண்டும் காணாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜெயித்தாலும் தோற்றாலும் ஆர்டருக்கு ஆர்டர் கமிஷன். 2021-22 முதலான மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் வர்த்தகச் செலவாக மட்டும் கட்டியது சுமார் 50,000 கோடி ரூபாய். அதில் பாதி தரகுக் கட்டணம்.

நாம் கேட்பது இதுதான். காட்டிய வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேல் ஓராண்டில் இழந்தால் அந்தக் கணக்கு தானாக நிற்க வேண்டும். நிறுத்தத் தவறினால் அதன்பின் வரும் நஷ்டத்தில் தரகு நிறுவனமும் பங்கேற்க வேண்டும். முதல் ஆர்டருக்கு முன் தமிழில் ஒரு தேர்வும், காசில்லாமல் சில வாரப் பயிற்சி வர்த்தகமும் கட்டாயமாகட்டும். தென் கொரியா இப்படி முன்பயிற்சி கேட்கிறது. தேறியவர் சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் உள்ளே விடுங்கள்; தேறாதவர் ஆலை முதலாளியாக இருந்தாலும் வெளியே நிற்கட்டும்.

அமெரிக்காவில் சிக்கலான நிதிகளுக்குத் தேர்வு வைக்கலாமா என்று அங்குள்ள தரகர் கண்காணிப்பு அமைப்பான ஃபின்ரா 2022-இல் கேட்டபோது, கூடாது என்று முதலீட்டாளர்களிடமிருந்து ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. இங்கும் குவியும். அவற்றையும் செபி படிக்கட்டும். நஷ்டப்பட்டவர்கள் வாங்கிய கடனுக்கு வட்டி வசூலிக்கத் தொழிற்பேட்டை வாசலில் நிற்பவர்களையும் ஒருமுறை வந்து விசாரிக்கட்டும்.