வயசானா மறதி சகஜமா?

எங்க வீடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவுல. ரேஷன் கார்டு கேரளம், பள்ளிக்கூடத்துல மலையாளம், அடுக்களையில தமிழ்.

வெள்ளிக்கிழமை லீவுல மஸ்கட்லேர்ந்து அம்மாவுக்குப் போன் பண்ணுவேன். "மக்களே, சாப்பிட்டியா? அங்க வெயில் எப்படி?" குரல் கணீர்னு இருக்கும். ஒரு நாள் மைனி, "அத்தை ஒரே கேள்வியைப் பத்து தடவை கேக்கா"ன்னு சொன்னாங்க. "எழுபது தாண்டியாச்சு மைனி, மறதி வராதா?"ன்னு சிரிச்சிட்டேன். மாமியார் மருமகள் சண்டையா இருக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு வேற. தப்பு என்னோடதுதான்.

ஊருக்குப் போனப்பதான் தெரிஞ்சது. நாப்பது வருஷமா நெய்யாற்றின்கரை சந்தைக்குப் போய்வந்த அம்மா, பாறசாலை ஜங்ஷன்ல இறங்கி வழி தெரியாம நின்னிருக்காங்க. மீன்கறிக்குப் புளி விட்டதை மறந்து மறுபடியும் விடறாங்க. பக்கத்து வீட்டுச் சேச்சி மலையாளத்துல கேட்டா, தமிழ்ல பதில்.

2005ல மோகன்லாலோட 'தன்மாத்ரா' பார்த்து அழுதவங்கதான் நாங்க. அதே நோய் வீட்டுக்குள்ள வந்தப்போ அடையாளம் தெரியலை!

1906ல ஜெர்மன் டாக்டர் அல்சைமர் இந்த நோயை முதல்ல விவரிச்சது, ஐம்பதுகள்ல இருந்த ஒரு பெண்ணை வெச்சு. அதனால இது வெறும் முதுமை இல்லை. மூளையில அமிலாய்டுங்கிற புரதம் திட்டுத்திட்டாப் படியுது, டௌங்கிற புரதம் செல்லுக்குள்ள முறுக்கிக்குது. பெரும்பாலும் முதல்ல அடி வாங்கறது புது ஞாபகத்தைப் பதியவைக்கிற இடம். அதான் கல்யாணத்தன்னிக்கு நடந்தது ஞாபகம் இருக்கும், காலையில குடிச்ச சாயா மறந்துடும். "சாப்பிட்டியா" மாதிரி பழகின பேச்சு ரொம்ப நாள் வரைக்கும் வரும். போன்ல நான் ஏமாந்தது இப்படித்தான்.

நம்மளை மாதிரி ரெண்டு மொழிக்காரங்களுக்கு ஒரு நல்ல சேதி. ஹைதராபாத்ல பண்ணி 2013ல வெளிவந்த ஆய்வுல, ரெண்டு மொழி பேசறவங்களுக்கு அறிகுறிகள் சுமார் நாலரை வருஷம் தள்ளித்தான் வந்திருக்கு. ஆனா வராம இருக்கும்னு இல்லை. வந்தா, பின்னால படிச்ச மொழி சிலருக்கு முதல்ல நழுவும். ஞாபகப் பரிசோதனைக்குப் போறப்போ, வீட்டுல பேசறது தமிழ்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

2024ல லான்செட் குழு சொன்னது: தவிர்க்கக்கூடிய காரணங்கள் 14. எல்லாத்தையும் சரிபண்ணினா, டிமென்ஷியாவுல சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கலாம் இல்லை தள்ளிப்போடலாம். சர்க்கரை, பிரஷர், காது மந்தம்... அந்தப் பட்டியல்ல தனிமையும் இருக்கு. வெளிநாட்டுல உக்காந்திருக்கற நமக்கு அது சுருக்குனு தைக்கணும்.

எல்லா மறதியும் அல்சைமர் இல்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வுன்னா பெரும்பாலும் சரிபண்ணலாம். அல்சைமரை முழுசா குணப்படுத்த இன்னிக்கு மருந்து இல்லை. ஆனா சீக்கிரம் தெரிஞ்சா பேங்க் கையெழுத்து, கேஸ் அடுப்பு, வெளியே போய்வர்றது எல்லாத்துக்கும் ஒரு ஏற்பாடு பண்ணலாம். அம்மாவோட விருப்பத்தை அம்மாகிட்டயே கேக்கலாம். எங்களுக்கு ரெண்டு வருஷம் போயிடுச்சு.

அடுத்த தடவை போன் பண்றப்போ "நல்லாருக்கீங்களா"ன்னு மட்டும் கேக்காதீங்க. "காலையில என்ன சமையல், யார் வந்தாங்க"ன்னு கேளுங்க. அப்புறம் கூட இருந்து பாக்கறவங்க சொல்றதை நம்புங்க. எங்க வீட்டுல சரியாச் சொன்னது மைனி ஒருத்திதான்.