மீன் தொட்டிக்கு வடிகட்டியா, வாளியா?

தண்ணீர் மாற்றும் வேலையிலிருந்து தப்பிக்க, நைட்ரேட்டை அகற்றும் வடிகட்டியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என நண்பர்கள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். நன்னீர் மீன் வளர்ப்பவர்களுக்கு அது வேண்டாத வேலை என்பதே என் கருத்து.

அறிவியல் என்னவோ அழகானதுதான். மெல்லிய குழாயை 15 மீட்டர் அளவுக்குச் சுருட்டி, அதனுள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். முற்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பிற்பகுதியில் உள்ளவை வேறு வழியின்றி நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பறிக்கின்றன. மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாக வெளியேறுகிறது.

ஆனால், சொட்டு விரைந்தால் வேலை பாதியில் நின்று, நைட்ரேட்டைவிடக் கொடிய நைட்ரைட் தொட்டிக்குத் திரும்பும். மிகவும் குறைந்தால் அழுகிய முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். இரண்டுமே மீனைக் கொல்லும். தேர்வு வாரத்தில் யார் உட்கார்ந்து சொட்டு எண்ணுவது?

பவளத் தொட்டி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் உப்புச் செலவு உண்டு. அவர் முயல்வதில் நியாயம் இருக்கிறது. கப்பி மீனுக்கு எதற்கு? பாதித் தண்ணீரை மாற்றினால், குளோரின் நீக்கிய குழாய்நீரில் நைட்ரேட் இல்லாதவரை, லிட்டருக்கு 80 மில்லிகிராம் 40 ஆகிவிடும். வடிகட்டி தொடாத பாஸ்பேட்டும் குறையும். மணிபிளாண்ட் வேரைத் தொட்டியில் விட்டால் அதுவும் நைட்ரேட்டை உறிஞ்சும்.

கற்றுக்கொள்ளவே செய்கிறேன் என்பவர் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் வெளிவரும் நீரை முதலில் தனி வாளியில் பிடித்து, நைட்ரைட் இல்லை என்று சோதித்த பிறகே தொட்டியில் விடட்டும்.