பேத்தி செய்த குற்றம்

ஒரு பெண் சற்றுப் பருத்துவிட்டால் போதும்; ஊரில் உள்ள அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள். "வாயைக் கட்டு" என்பார் ஒருவர். "எல்லாம் சோம்பேறித்தனம்" என்பார் இன்னொருவர். கடைசியில் பழி பெற்றவள் தலையில் விழும்: "வளர்த்த லட்சணம்!" இப்படித் தீர்ப்பு எழுதும் கனவான்கள் ஒரு சாட்சியத்தைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஓக்லண்டு பகுதியில், 1959 முதல் 1967 வரை ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளின் ரத்தத்தை எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். டி.டி.டி. மருந்தைத் தாராளமாகத் தெளித்த காலம் அது. அந்த ரத்தத்தைச் சோதித்து, அவர்களுடைய பேத்திகளையும் பரிசோதித்து, பார்பரா கோன் என்ற அம்மையாரும் சகாக்களும் 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பருமன் இல்லாத பாட்டிமார்களில் எவர் ரத்தத்தில் டி.டி.டி.யின் ஒரு வகை அதிகம் இருந்ததோ, அவர்களுடைய பேத்திகள் பருமனாகும் வாய்ப்பு 2 முதல் 3 மடங்கு அதிகமாம்!

பாட்டி உடம்பில் சேர்ந்தது பேத்தியை எப்படித் தொடும்? பெண் சிசு கர்ப்பத்தில் இருக்கும்போதே, அவள் பின்னால் பெறப்போகும் பிள்ளைகளுக்கான கருமுட்டைகள் அவளுக்குள் உண்டாகிவிடுகின்றன. கர்ப்பிணியைத் தீண்டும் நஞ்சு மூன்று தலைமுறையை ஒருங்கே தீண்டுகிறது. பிறந்த பிறகும் அது விடுவதில்லை. கொழுப்பில் பதுங்கும் டி.டி.டி., பாலின் கொழுப்போடு குழந்தையின் வாய்க்குப் போகிறது. கர்ப்பத்திலும், ஈன்ற பின் சில நாட்களும் தாய்ச் சுண்டெலிகளுக்கு டி.டி.டி. கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் பெண் குட்டிகள் வளர்ந்தபோது, உடம்பு சக்தியைச் செலவிடுவதே குறைந்திருந்தது. இது 2014இல் வெளிவந்த ஆராய்ச்சி. அந்தச் சுண்டெலிகளையும் சோம்பேறிகள் என்று ஏசலாமா?

எல்லாப் பருமனுக்கும் டி.டி.டி.யே காரணம் என்று நான் வாதாடவில்லை. தீனியும் காரணந்தான். ஆனால் குற்றவாளிக் கூண்டில் அந்தப் பெண்ணை மட்டும் நிறுத்துவது என்ன நியாயம்?

"மலேரியாவிலிருந்து எத்தனை உயிரைக் காத்தது அந்த மருந்து!" என்பார்கள். வாஸ்தவம். அதன் சக்தியைக் கண்டறிந்த பவுல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் தாய்ப்பாலில் டி.டி.டி. இருப்பதை 1951இலேயே அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். அந்த நாட்டுச் சர்க்கார் தடை போட்டதோ 1972இல். இடையில் இருபத்தொரு வருஷம்! பருத்திச் செடிக்கு மூட்டை மூட்டையாக அடித்தார்களே, பருத்திக்கா மலேரியா வந்தது?

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் தாய்ப்பாலை நிறுத்து" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதுவும் தாயையே தண்டிக்கும் புத்திதான். குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. பாலை நிறுத்துவதா பரிகாரம்? பாலில் நஞ்சு கலக்காமல் தடுப்பதல்லவா பரிகாரம்?

புது ரசாயனம் எதுவானாலும், தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை விற்கிறவனுடையது. அதுவும் விற்பதற்கு முன்னால். விற்ற பிறகு சோதிப்பதென்றால், சோதனைச்சாலை தாயின் வயிறுதான். அங்கே அனுமதி கேட்டு நுழைந்தவர் எவரும் இல்லை.